யானைக்கு நிற்கும் வண்டி

பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டிச் சோதனைச் சாவடியில் வண்டி எண்ணைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டால், திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். கோவையில் இருந்து சத்தியமங்கலம், ஆசனூர், சாம்ராஜ்நகர் வழியாகப் பெங்களூரு செல்லும் 948-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு அது. பழைய ஆட்கள் இன்னும் 209 என்றுதான் சொல்வார்கள். தாளவாடி மலைப்பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்த 11 ஆண்டுகளும், திங்கட்கிழமை காலையில் ஏறி வெள்ளிக்கிழமை மாலையில் இறங்கும் சாலையாக அது எனக்கு இருந்தது. முதல் சில ஆண்டுகள் பேருந்தில் போனேன். பிறகு இருசக்கர வாகனம் வாங்கிக்கொண்டேன். பேருந்தில் போனவரை மலையையும் மேகத்தையும்தான் பார்த்தேன் என்றும், வண்டி வாங்கிய பிறகுதான் தார்ச்சாலையைப் பார்க்கத் தொடங்கினேன் என்றும் சொல்ல வேண்டும். இருசக்கர வாகனத்தில் போகிறவனுக்குக் கண் எப்போதும் முன்சக்கரத்துக்குச் சில அடி முன்னால்தான் இருக்கும்.

அங்கே வண்டிகளில் அடிபட்டுச் செத்துக் கிடந்த விலங்குகளை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில். முந்தைய இரவு நல்ல மழை. ஏழாவது வளைவில் இருந்து பத்தாவது வளைவு வரை சாலை முழுவதும் தேரைகள் தட்டையாக ஒட்டிக் கிடந்தன. முதலில் அவற்றை உதிர்ந்த இலைகள் என்றே நினைத்தேன். பள்ளியில் எழுதப்படாமல் கிடந்த பழைய வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்துத் தேதி, வளைவு எண், என்ன விலங்கு என்று மூன்று கட்டங்கள் போட்டேன். பக்கங்கள் எளிதில் நிரம்பின. ஆனால் மூன்றாவது கட்டம்தான் தகராறு செய்தது. நசுங்கிக் காய்ந்த தோலைப் பார்த்து இனம் சொல்வது எனக்குத் தெரியாத கலை. "பாம்பு, பெயர் தெரியவில்லை" என்று எழுதிய வரிகள் அந்தப் பதிவேட்டில் ஏராளம். ஒருமுறை கீரி என்று எழுதியதை வகுப்பில் சொன்னபோது, சோளகர் பழங்குடியினரின் குடியிருப்பில் இருந்து வரும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "வால்ல வளையம் வளையமா இருந்துச்சுங்களா சார்? அப்ப அது கீரி இல்லீங்க, புனுகுப் பூனை" என்றான். அன்று முதல் மூன்றாவது கட்டத்தைப் பிள்ளைகளிடம் கேட்ட பிறகே நிரப்பினேன். சாரை, சுருட்டை விரியன், உடும்பு, ஓணான், பச்சோந்தி, முயல், மரநாய், பக்கி என்று அந்தப் பதிவேடு நீண்டது. பக்கி என்பது இரவில் தரையோடு தரையாக அமர்ந்து பூச்சி பிடிக்கும் பறவை. பகல் வெயிலைக் குடித்த தார், இரவில் வெகுநேரம் சூடாக இருப்பதால், காட்டுத் தரையை விட்டுச் சாலை நடுவில் வந்து அது உட்கார்ந்துகொள்ளும். விளக்கொளி பட்டால் அதன் கண் செந்தணலாக மின்னும். பெரும்பாலும் கடைசி நொடியில்தான் எழும்பும். எழும்பும் உயரம் சரியாக வண்டியின் முகப்பு உயரமாக இருக்கும்.

பதிவேட்டில் எழுதப்படாதவையும் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. இரவில் அடிபட்ட முயலை விடியும் முன்பே நாயோ நரியோ இழுத்துப் போய்விடும். மிச்சத்தைக் காக்கையும் கீரியும் முடித்துவிடும். காலை எட்டு மணிக்கு நான் போய்ப் பார்க்கும் சாலை, ஏற்கெனவே ஒருமுறை துப்புரவு செய்யப்பட்ட சாலை. வண்டியில் அடிபட்டு, புதருக்குள் ஊர்ந்து போய்ச் சாவதை யாரும் எண்ணுவதில்லை. ஆகவே, சாலையில் செத்த விலங்குகள் இத்தனை என்று யார் எந்த எண்ணைச் சொன்னாலும், அது குறைந்தபட்ச எண் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆசனூரில் தேநீர்க் கடை ஒன்றில் லாரி ஓட்டுநர் ஒருவரிடம் ஒருநாள் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். இருபது ஆண்டுகளாக அந்தச் சாலையில் ஓடுகிறவர். மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "ஆனைன்னா நிக்கோணுங்க சார், இல்லீன்னா வண்டியவே சாய்ச்சுப்போடும். முயலுக்கும் பாம்புக்கும் நின்னா லோடு எப்பங்க போய்ச் சேரும்?" அவர் சொன்னதில் ஒளிவுமறைவு இல்லை, கொடூரமும் இல்லை. அந்தச் சாலையின் சட்டமே அதுதான் என்பதை அவர் எனக்குப் புரியும்படி சொல்லிவிட்டார். நம்மைத் திருப்பி அடிக்கக்கூடிய விலங்குக்கு வண்டி நிற்கும், மற்றவற்றுக்கு நிற்காது. சாலையோர எச்சரிக்கைப் பலகைகளைப் பாருங்கள். யானையின் படம் இருக்கும், புலியின் படம் இருக்கும், சில இடங்களில் மானின் படமும் இருக்கும். தேரையின் படம் போட்ட பலகையை நான் இதுவரை பார்த்ததில்லை.

யானைகளும் இதை அறிந்தே வைத்திருக்கின்றன. தமிழக எல்லையில் உள்ள காரப்பள்ளம் சோதனைச் சாவடியில் கரும்பு லாரிகளுக்காகக் காத்து நிற்கும் யானைகளின் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அளவுக்கு மேல் ஏற்றிய கரும்பு உயரத் தடுப்பில் இடிக்கும் என்று மேலடுக்கை உருவிச் சாலையோரத்தில் எறிந்த பழக்கம்தான் அவற்றை அங்கே நிறுத்தியது. நெடுந்தூரம் நடந்து மேய வேண்டிய ஒரு விலங்குக்கு நின்ற இடத்தில் சர்க்கரை கிடைத்தால் அது ஏன் காட்டுக்குள் திரும்ப வேண்டும்? குட்டியோடு வரும் தாய், குட்டிக்கும் அதையே கற்றுக்கொடுக்கிறது. லாரியை மறித்து யானை கரும்பு தின்னும் காட்சியை வேடிக்கையாகக் கைப்பேசியில் பகிர்கிறோம். ஒரு தலைமுறை யானைகள் நெடுஞ்சாலையைத் தீவனத் தொட்டியாக நினைத்து வளர்வதைத்தான் அப்படி ரசித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

குரங்குகளின் கதை இதைவிட மோசம். அமாவாசை நாட்களில் பண்ணாரிக்கு வரும் கூட்டம் பெரிது. பங்குனியில் குண்டம் திருவிழாவின்போது கேட்கவே வேண்டாம். வந்தவர்களில் சிலர் மலை ஏறிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிளம்புவார்கள். வளைவுகளில் காரை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கி வாழைப்பழமும் பிஸ்கட்டும் எறிவார்கள். புண்ணியம் என்று நினைத்தே செய்கிறார்கள். அதனால் அவர்களிடம் கோபித்துப் பயனில்லை. ஆனால் அந்தப் பழத்தை எறிந்த கார் போன பிறகு, உருண்டு நடுச்சாலைக்கு வந்த பழத்தை எடுக்கக் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு தாய்க்குரங்கு ஓடி வரும்போது, அடுத்த வளைவில் இருந்து இறங்கி வரும் வண்டிக்கு அது தெரியாது. வனத்துறை அபராதம் விதிக்கிறது, பலகை வைக்கிறது. ஆனால் 27 வளைவுகளிலும் ஆள் நிறுத்த எந்தத் துறையாலும் முடியாது.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது, அறிவியல் ஆசிரியன் என்ற முறையில் கரும்பலகைக் கணக்கு ஒன்றைப் போட்டே தீர வேண்டும். எதிரே ஏதோ இருக்கிறது என்று கண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் கார், காய்ந்த சமதளச் சாலையில், கண்ட இடத்தில் இருந்து ஏறத்தாழ 26 மீட்டரில் நின்றுவிடும். 60 கி.மீ. என்றால் 45 மீட்டர் ஆகும். 80 கி.மீ. என்றால் 70 மீட்டரை நெருங்கும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் இரண்டு மடங்கைத் தாண்டிப் போவதைப் பிள்ளைகள் ஒருபோதும் உடனே நம்புவதில்லை. தாழ்த்திய முகப்பு விளக்கு வெளிச்சம் காட்டுவது சுமார் 40 மீட்டர்தான். ஆகவே 60 கி.மீ. வேகத்தில் இரவில் ஓட்டுகிறவர், தான் பார்க்கும் தூரத்துக்குள் நிற்கவே முடியாத வேகத்தில் ஓட்டுகிறார். விலங்கு குறுக்கே பாய்ந்துவிட்டது என்று அவர் பின்னால் சொல்வது பொய்யில்லை, ஆனால் பாய்ந்தது அவர் வண்டியும்தான். ஈரச்சாலை, இறக்கம், பாரம் ஏற்றிய லாரி என்று ஒவ்வொன்றையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

விலங்கின் பக்கத்தில் இருந்தும் இதைப் பார்க்க வேண்டும். இருட்டில் மங்கிய ஒளியைக்கூடச் சேகரித்துப் பார்க்கும்படி அமைந்தவை மானின், முயலின் கண்கள். அந்தக் கண்ணுக்குள் முழு வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அது செயலற்று நின்றுவிடுகிறது. "வழிவிடாமல் முழிக்குது" என்று நாம் சொல்வது அதைத்தான். பாம்பும் ஓணானும் உடல்சூட்டுக்கு வெளியை நம்பி வாழ்பவை. குளிர்ந்த மாலையில் சூடான தார் அவற்றைக் கூப்பிடுகிறது. ஓட்டுநருக்குப் பார்வை மறைக்கக் கூடாது என்று சாலையோரப் புதர்களை வெட்டுகிறார்கள். நல்ல எண்ணம்தான். வெட்டிய இடத்தில் மழைக்குப் பிறகு இளம்புல் முளைக்கிறது. காட்டுக்குள் உண்ணிச்செடி மண்டிப் புல் குறைந்திருக்கும்போது, புள்ளிமான் கூட்டத்துக்கு அந்தப் பசும்பட்டை விருந்து. மலைச்சரிவைக் காக்கக் கட்டும் தடுப்புச் சுவர்களும் இதில் சேர்த்தி. மேலே இருந்து இறங்கிச் சாலையைக் கடந்துவிட்ட உடும்போ ஆமையோ, எதிர்ப்பக்கச் சுவரை ஏற முடியாமல், அதை ஒட்டியே நடந்து நடந்து, வண்டிச் சக்கரத்துக்குள் போகிறது.

இரவுத் தடை இதற்கெல்லாம் மருந்தா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இந்த வழியை நமக்கு முன்பே காட்டியது கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகம். மைசூரில் இருந்து கோழிக்கோட்டுக்கும் உதகைக்கும் பிரிந்து செல்லும் இரு நெடுஞ்சாலைகளிலும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தை நிறுத்தி 2009-இல் சாம்ராஜ்நகர் மாவட்ட நிர்வாகம் ஆணையிட்டது. அதைத் திரும்பப் பெற நடந்த முயற்சிகளைக் கடந்து கர்நாடக உயர்நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. வயநாட்டு மக்கள் இன்றுவரை அதை எதிர்க்கிறார்கள். எங்கள் சாலைக்கு 2019 ஜனவரியில் ஈரோடு மாவட்ட ஆட்சியரின் அறிவிக்கை வந்தது. கனரக வாகனங்களுக்கு மாலை 6 மணி முதலும், கார் போன்ற சிறு வாகனங்களுக்கு இரவு 9 மணி முதலும் காலை 6 மணி வரை தடை. அது மூன்று ஆண்டுகள் தாளிலேயே இருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, 2022 பிப்ரவரி 10 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. தாளவாடி அன்று கொந்தளித்தது. முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் விளைவித்து இரவோடு இரவாகச் சந்தைக்கு இறக்கும் ஊர் அது. கடைகள் மூடப்பட்டன, மக்கள் தெருவில் இறங்கினார்கள். பின்னர் உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கு நீதிமன்றம் விலக்கு அளித்தது, 16.2 டன்னுக்கு மேற்பட்ட பெரும் லாரிகளை மலைப்பாதையில் விடக்கூடாது என்றும் சொன்னது.

அந்தப் பிப்ரவரியில் நான் ஊர்மக்கள் பக்கமே நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. என் மாணவர்களின் பெற்றோர் அவர்கள். பெங்களூருக்கும் கோவைக்கும் குறுக்கு வழி தேடி ஓடிய பாரவண்டிகள் செய்த கேட்டுக்கு, காட்டோடு சேர்ந்து வாழ்ந்தவர்களைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கும் கோபம் இருந்தது. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்குக் கிடைத்த பிறகு அந்தக் கோபத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. அடுத்த மழைக்காலத்தில் என் பதிவேட்டைப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. இரவில் சாகும் முயலும் மரநாயும் பக்கியும் அரிதாகிவிட்டன. இரவில் ஆசனூர்ப் பக்கம் தங்க நேர்ந்த ஒருமுறை, முன்பு விடிய விடியக் கேட்ட லாரி உறுமல் இல்லாமல் கடமானின் கூப்பாடு தெளிவாகக் கேட்டது. தடை பலன் தந்தது. அதை எதிர்த்தவனாகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் தடை ஒரு புதிய சிக்கலையும் உண்டாக்கியது. அதைப் பற்றி நீதிமன்றத்திலோ செய்தித்தாளிலோ யாரும் பேசி நான் கேட்டதில்லை. வாயில் மூடும் நேரம் மாலை 6 மணி என்றால், ஐந்தரை மணிக்குச் சாவடியைத் தொட்ட லாரி என்ன செய்யும்? எப்படியாவது அடுத்த சாவடியைக் கடந்துவிடத் துடிக்கும். இரவெல்லாம் சாலையோரம் வரிசை கட்டி நின்ற வண்டிகள் காலை 6 மணிக்குத் திறந்துவிடப்பட்டதும், மடை திறந்த வெள்ளம் போல ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு புறப்படும். காட்டில் விலங்குகள் மிகுதியாக நடமாடும் பொழுதுகள் எவை என்று கேட்டால், அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் யாரும் பதில் சொல்வார்கள்: விடியலும் அந்தியும். ஆக, நள்ளிரவைக் காப்பாற்றிய தடை, விடியலுக்கும் அந்திக்கும் முழு நெரிசலையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. 2022-க்குப் பிறகான என் பக்கங்களில் புள்ளிமான் என்ற சொல் காலை ஆறரை மணியை ஒட்டியே வருகிறது.

தடையை எடுத்துவிடு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நேரத்தைக் கட்டுப்படுத்திய நாம் வேகத்தைக் கட்டுப்படுத்த மறந்துவிட்டோம் என்பதுதான் என் குறை. மணிக்கு 30 கி.மீ. என்று பலகை வைத்துவிட்டால் வேகம் குறைந்துவிடாது. அசாமில் காசிரங்கா தேசியப் பூங்காவின் தெற்கு எல்லையை ஒட்டி ஒரு தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. ஆண்டுதோறும் பிரம்மபுத்திரா பெருக்கெடுத்துக் காடு மூழ்கும்போது, மானும் காண்டாமிருகமும் யானையும் உயிர் தப்ப அந்தச் சாலையைக் கடந்து கார்பி ஆங்லாங் மலைக்கு ஏறியாக வேண்டும். அந்த நாட்களில் அங்கே நேரச் சீட்டு என்று ஒன்றைக் கொடுக்கிறார்கள். காட்டுப் பகுதிக்குள் நுழையும்போது வண்டி எண்ணும் நேரமும் எழுதிய சீட்டை ஓட்டுநர் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியேறும் இடத்தில் அதைக் காட்ட வேண்டும். குறித்த வேகத்தில் வந்தால் ஆகும் நேரத்துக்கு முன்பே வந்து நின்றால் அபராதம். இவ்வளவுதான் ஏற்பாடு. வேகமாகப் போய் மிச்சம் பிடிக்கும் நேரத்துக்கு விலையே இல்லாமல் செய்துவிடுகிறது அது. அதற்குப் பிறகு ஓட்டுநர் எதற்காக விரைவார்? காசிரங்காவில் இப்போது 34 கி.மீ. அளவுக்கு உயர்த்திக் கட்டிய சாலைக்கு 2025-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அது பல ஆயிரம் கோடி ரூபாய் வேலை. நேரச் சீட்டுக்கு ஆகும் செலவு ஒரு கட்டுத் தாளும் இரண்டு கடிகாரங்களும். பண்ணாரியில் ஒரு சாவடி இருக்கிறது, காரப்பள்ளத்தில் ஒரு சாவடி இருக்கிறது. வண்டி எண்ணை ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுதும் எண்ணுக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதி மறுமுனைக்குத் தெரிவிப்பதில் என்ன தடை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

பணம் செலவழித்தாலும் வீணாகாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. மகாராஷ்டிரத்தில் பென்ச் புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையை நான்கு வழிச்சாலையாக அகலப்படுத்தியபோது, நெடிய வழக்குகளுக்குப் பிறகு, விலங்குகள் அடியில் நடந்து கடக்க 9 இடங்களில் சாலையைத் தூண்கள் மேல் உயர்த்தினார்கள். மிகச் சிறியது 50 மீட்டர், மிகப் பெரியது 750 மீட்டர் அகலம். விலங்குகள் அந்த வழியை ஏற்குமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு, டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் 2019-இல் எடுத்த தானியங்கிக் கேமராப் படங்களோடு பதில் சொன்னது. சில மாதங்களுக்குள்ளேயே 18 வகைக் காட்டு விலங்குகள் அந்த அடிவழிகளைப் பயன்படுத்தியிருந்தன. 11 புலிகள் 89 முறை அவற்றின் வழியே போயிருந்தன. நம் வால்பாறையில் இதைவிட எளிய வேலை ஒன்று நடந்தது. புதுத்தோட்டம் பகுதியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய சிறு காட்டில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மரக்கிளை வழியே மட்டும் நடமாடிப் பழகியவை, சாலை வந்து கிளைகள் அறுந்த பிறகு தரைக்கு இறங்கின, அடிபட்டன. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்கு பாலங்கள் கட்டினார்கள். குரங்குகள் கடக்கும் நேரத்தில் வண்டிகளை மெதுவாக்கச் சொல்ல உள்ளூர்க் காவலர்களையும் நியமித்தார்கள். என்னைக் கேட்டால், பாலத்துக்கு நிகரான பங்கு அந்தக் காவலர்களுக்கும் உண்டு.

திம்பம் ஏற்றத்தில் சாலையைத் தூக்கிக் கட்டுவது நடக்கிற காரியம் இல்லை. மலை அதற்கு இடம் தராது. ஆனால் அங்கே ஏற்கெனவே அடிவழிகள் இருக்கின்றன. மழைநீர் வடிய ஒவ்வொரு ஓடையிலும் சாலைக்கு அடியில் சிறுபாலங்களும் சிமெண்டுக் குழாய்களும் போட்டிருக்கிறார்கள். ஓடையை ஒட்டித்தான் பாம்பும் தவளையும் உடும்பும் முள்ளம்பன்றியும் நடக்கும் என்பதால், இதைவிடப் பொருத்தமான இடம் தேடினாலும் கிடைக்காது. ஒருமுறை பிள்ளைகளோடு இறங்கி, திம்பத்துக்கு அருகே இரண்டு குழாய்களுக்குள் எட்டிப் பார்த்தோம். ஒன்று வாய்வரை தண்ணீர்ப் பாட்டில்களாலும் மதுப் புட்டிகளாலும் அடைந்திருந்தது. மற்றொன்றின் மறுமுனை வாய், ஓடைத் தரையில் இருந்து ஓர் ஆள் உயரத்தில் அந்தரத்தில் திறந்திருந்தது; தண்ணீர் விழலாம், தவளை ஏற முடியாது. அந்த முனையில் கற்களை அடுக்கி ஒரு சரிவு அமைத்துக் கொடுத்தால் போதும். இந்த வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியதில்லை. தடுப்புச் சுவர்களில் இருபது, முப்பது அடிக்கு ஓர் இடைவெளி விடுவதும், சாலையோரப் புதர்களை மழைக்கு முன்பாகவே வெட்டாமல் காலம் பார்த்து வெட்டுவதும் அப்படிப்பட்ட வேலைகளே.

ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சாலையில் செத்துக் கிடப்பது சிறு உயிராக இருந்து, இடமும் பாதுகாப்பாக இருந்தால், வண்டியை ஓரங்கட்டி ஒரு குச்சியால் அதைத் தார்ப்பரப்பை விட்டு விலக்கிப் போடுங்கள். செத்ததைத் தின்ன வரும் கீரியும் காக்கையும் நரியும் அடுத்த பலியாவது அந்த இடத்தில்தான். பாம்பை மட்டும், செத்ததாகத் தெரிந்தாலும், கையால் தொடாதீர்கள். மான், சிறுத்தை போன்றவை அடிபட்டுக் கிடந்தால் அருகில் போகாமல் பக்கத்துச் சோதனைச் சாவடியில் சொல்லிவிடுவதே சரி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த உடல்மீது கைவைக்க நமக்கு உரிமை இல்லை. வலியில் கிடக்கும் விலங்கு யாரையும் தாக்கும்.

என் பதிவேட்டில் ஒரு வரி என் கையெழுத்தில் சற்றுக் கோணலாக இருக்கும். பதினாறாவது வளைவு, பச்சோந்தி, அதன் பக்கத்தில் "என் வண்டி" என்று. தலைமையாசிரியர் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒருநாள் விரைந்தேன். பச்சோந்தி ஓர் அடி வைக்க இரண்டு முறை முன்னும் பின்னும் ஆடும்; காற்றில் அசையும் இலையைப் போலத் தன்னைக் காட்டிக்கொள்ள இயற்கை அதற்குக் கற்றுக்கொடுத்த நடை அது. பருந்தை ஏமாற்றும் அந்த நடை என்னையும் ஏமாற்றியது. இலை என்றே நினைத்து ஏற்றிவிட்டேன். கூட்டம் அன்று ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு அந்த மலையில் முப்பதைத் தாண்டி நான் ஓட்டியதில்லை.

மாற்றலாகிச் சமவெளிக்கு இறங்கிவிட்ட பிறகு, நேரச் சீட்டைப் பற்றியும் அடைபட்ட குழாய்களைப் பற்றியும் பதிவேட்டின் நகல்களோடு ஓர் அலுவலகத்துக்கு விரிவாகக் கடிதம் எழுதினேன். "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒருவரிப் பதில் வந்தது. எங்கே அனுப்பப்பட்டது என்று அதில் இல்லை. மறுபடி எழுதியிருக்கிறேன். பதிவேடு இப்போது அந்தப் பள்ளிக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியை ஒருவரிடம் இருக்கிறது. மூன்றாவது கட்டத்தை அவரும் பிள்ளைகளைக் கேட்டே நிரப்புகிறார்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவனின் திருமணத்துக்காக மறுபடி மலை ஏறினேன். மாலை ஐந்து மணியைத் தாண்டியிருந்தது. வழக்கம் போல முப்பதில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு காரும் இரண்டு லாரிகளும் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே வந்தன. இருபதாவது வளைவில் இடம் பார்த்து ஒதுங்கி வழிவிட்டேன். கார்க்காரர் கடந்து போகும்போது கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. இருபத்து மூன்றாவது வளைவில் நான் திரும்பியபோது மூன்று வண்டிகளும் விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் காட்டாமல், ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. முன்னால் ஒரு பெண்யானையும் குட்டியும் சாலையோரத்து மூங்கிலை ஒடித்துக்கொண்டிருந்தன. நானும் வண்டியை நிறுத்தி இறங்கினேன். அவை உள்ளே போக இருபது நிமிடம் ஆயிற்று.